சுந்தன் இட்ட அன்னம்

பகவான் புத்தர் தமது எண்பதாவது பிராயத்தில், தேகம் தளர்ந்த நிலையில், பாவா என்னும் ஊரின் மாந்தோப்பில் வந்து தங்கியிருந்தபோது, அந்தத் தோப்புக்கு உடையவனான சுந்தன் என்னும் கொல்லன் அவரையும் அவருடைய சங்கத்தாரையும் மறுநாள் அன்னத்துக்கு அழைத்தான். இரவோடிரவாகத் தன் வீட்டில் அவன் சித்தம் செய்த உணவுகளுள் ஒன்று இன்னதென்று பண்டிதர்கள் இன்றுவரை ஒருமுகமாக முடிவு செய்யவில்லை. பன்றி இறைச்சி என்பாரும் உண்டு, காளான் என்பாரும் உண்டு. அதைத் தமக்கு மட்டும் பரிமாறும்படி சொல்லி உண்ட பகவான், எஞ்சியதை வேறு எவருக்கும் இடாமல் குழி தோண்டிப் புதைத்துவிடுமாறு சுந்தனைப் பணித்தார். அதன் பின்னர் உதிரப்போக்குடன் கூடிய கொடிய வயிற்று நோய் அவரை வருத்திற்று. குசிநகரத்துக்குப் போகும் வழியில் அவர் தம் சீடரான ஆனந்தரிடம் சுந்தனைக் குறித்துப் பேசினார்: தான் இட்ட அன்னத்தால் அல்லவா ததாகதர் மறைந்தார் என்று அந்த மனிதன் நெஞ்சு புழுங்கக் கூடாது, ஞானம் எய்துவதற்கு முன் உண்ட அன்னமும் பரிநிர்வாணத்துக்கு முன் உண்ட இந்த அன்னமும் ஒத்த பலனுடையவை என்று அவனுக்கு எடுத்துச் சொல்லவேண்டும் என்றார்.

இந்தச் சரித்திரத்தைச் சொல்லுகிறவர்கள் பெரும்பாலும் அந்த ஆறுதல் மொழியில் மனம் உருகி, அங்கேயே நின்றுவிடுகிறார்கள். குழி தோண்டச் சொன்ன மொழி ஏதோ சமையற்கட்டுச் செய்திபோல ஒதுங்கிப் போய்விடுகிறது. ஆனால், கங்கைச் சமவெளியின் நிலத்தடி நீரில் கலந்திருக்கும் ஆர்சனிக் என்னும் விஷத்தைப் பற்றிப் படிக்கத் தொடங்கிய நாள்முதல், என் நினைவில் நீங்காமல் நிற்பது அந்தக் குழிதான். நல்லெண்ணத்தோடு கொடுத்த ஒன்று கேடாக முடியுமானால் பாவம் யாரைச் சாரும் என்ற கேள்விக்கு, அந்த இரண்டு மொழிகளையும் சேர்த்து வைத்துப் பார்த்தாலன்றி விடை கிடைக்காது என்று எனக்குத் தோன்றுகிறது.

கங்கையும் பிரம்மபுத்திரையும் மேக்னாவும் கடலில் கலக்கும் அந்தத் தாழ்ந்த தேசத்தில் தண்ணீருக்குப் பஞ்சமில்லை. நல்ல தண்ணீருக்குத்தான் பஞ்சம். குளித்துத் துவைத்து மாடு கழுவிய குளத்திலேயே குடத்தையும் நிரப்பவேண்டியிருந்த கிராமங்களில், காலராவும் பேதியும் ஆண்டுதோறும் குழந்தைகளை வாரிக்கொண்டு போயின. அந்தக் கொடுமையைக் கண்டு பொறாமல், 1970-களில் வங்கதேசத்தின் பொதுச் சுகாதாரப் பொறியியல் துறை, யூனிசெப் அமைப்பின் உதவியோடு, ஊர்தோறும் குழாய்க் கிணறுகளை இறக்கிற்று. பிறகு ஜனங்கள் தாங்களாகவே தங்கள் முற்றங்களில் அடிபம்புகளைப் போட்டுக்கொண்டார்கள். கிணறுகள் பல லட்சமாகப் பெருகின. மண்ணுக்கடியிலிருந்து பளிங்குபோல் எழுந்துவந்த அந்த நீரில் நோய்க்கிருமி இல்லை. கோடையில் பாதையோரத்தில் ஒரு பானை மோர் வைப்பதையே பெரும் புண்ணியம் என்று போற்றுகிற நமக்கு, தேசம் முழுவதற்கும் வைத்த அந்தத் தண்ணீர்ப் பந்தலின் புண்ணியத்தை அளக்கக் கோல் ஏது? அதை வைத்தவர்களின் கருணையில் மாசில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

மாசு மண்ணில் இருந்தது. பாஷாணம் என்ற சொல்லுக்கு வடமொழியில் கல் என்று பொருள். தமிழில் அதுவே விஷத்துக்குப் பெயராயிற்று. தாளகம், மனோசிலை, வெள்ளைப் பாஷாணம் என்று நம் சித்த வைத்தியர்கள் நெடுங்காலமாகக் கையாண்டுவரும் சரக்குகள் யாவும் ஆர்சனிக்கின் சேர்க்கைகளே. கல் எப்படி விஷமாகிறது என்பதற்கு வங்கத்தின் மண்ணைவிடத் தெளிவான உரை வேண்டியதில்லை. இமயத்தின் பாறைகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகத் தேய்ந்து மணலாகவும் வண்டலாகவும் நதிகளோடு இறங்கி வரும்போது, அவற்றிலிருந்த ஆர்சனிக்கும் உடன் வந்தது. வருகிற வழியில் அது மணற்பொடியின் மேல் படர்ந்த இரும்புத் துருவோடு இறுகப் பிணைந்திருந்தது. பிராணவாயு உள்ளவரையில் அந்தப் பிணைப்பு குலைவதில்லை. ஆனால் சமவெளியில் வண்டலோடு செடிகொடிகளும் புதைந்து மட்கின, அந்த மட்கை உண்ட நுண்ணுயிர்கள் பிராணவாயுவைத் தீர்த்துவிட்டு, தம் சுவாசத்துக்குத் துருவையே பற்றின, துரு கரைந்தது, அது கட்டி வைத்திருந்த ஆர்சனிக் நீரில் அவிழ்ந்து கலந்தது. இந்த விஷம் மிகுதியாக இருப்பது ஏறக்குறைய நூறு மீட்டர் ஆழத்துக்குள். குறைந்த செலவில் இறக்கிய குழாய்கள் போய் நின்றதும் அதே ஆழத்தில்தான்.

அதற்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. உலகச் சுகாதார நிறுவனம் 1993 முதல் அனுமதிக்கும் அளவு ஒரு லிட்டரில் 10 மைக்ரோகிராம். ஒரு லட்சம் லிட்டர் தண்ணீரில் ஒரே ஒரு கிராம். குசிநகரத்து வழியில் தாகத்தால் வருந்திய பகவான் நீர் கேட்டபோது, ஐந்நூறு வண்டிகள் கடந்து கலங்கிய ஓடை என்று ஆனந்தர் தயங்கினார். அவர் கண்ணுக்குக் கலங்கல் தெரிந்தது. வங்கத்துத் தாய் எந்த அடையாளத்தைக் கண்டு தயங்குவாள்? தெளிவையே தூய்மையென்று நம்பும்படி அவளுக்குக் கற்றுக்கொடுத்திருந்தார்கள்.

உடலுக்குள்ளும் அந்த விஷம் உருவ ஒற்றுமையாலேயே நுழைகிறது. மூலகங்களின் அட்டவணையில் ஆர்சனிக், பாஸ்பரஸுக்கு நேர் கீழே நிற்பது. ஆகையால் ஆர்சனேட்டைப் பாஸ்பேட் என்றே உயிரணு நம்பி உள்ளே அனுமதிக்கிறது. சக்தியைச் சேமிக்கும் வேலையில் அதை அமர்த்துகிறது. அமர்த்திய கணத்திலேயே அந்தக் கட்டு சிதறிவிடுகிறது. மற்றொரு வடிவமான ஆர்சனைட், புரதங்களிலுள்ள கந்தகத்தைப் பற்றிக்கொண்டு அவற்றின் தொழிலை முடக்குகிறது. வெள்ளம் கட்டிய வயலில் நிற்கும் நெற்பயிரும், சிலிகன் என்று எண்ணித் தன் வேரின் வழியே அந்த ஆர்சனைட்டையே பருகுகிறது. மழையற்ற காலத்துச் சாகுபடிக்காக நிலத்தடி நீரைப் பாய்ச்சிய வயல்களில், ஆண்டுதோறும் மண்ணும் விஷத்தைச் சேர்த்துக்கொள்கிறது. வங்கத்து முற்றத்தில் மனிதனும் இதே விதமாக ஏமாந்தான். தீமை தீமையின் கோலத்தில் வந்தால் விலக்குவது எளிது. போஷிப்பதன் கோலத்தில் வரும்போது, நல்லதை நாடும் இயல்பே அதற்குக் கதவு திறந்துவிடுகிறது.

1983-இல், கல்கத்தாவின் வெப்பமண்டல மருத்துவப் பள்ளியில் தோல் நோய் வைத்தியராக இருந்த டாக்டர் கே. சி. சாஹா, மேற்கு வங்கக் கிராமங்களிலிருந்து வந்த நோயாளிகளிடம் இந்த விஷத்தின் குறிகளைக் கண்டறிந்தார். மேனியில் மழைத்துளி தெறித்தாற்போன்ற கறுப்பும் வெளுப்புமான புள்ளிகள். உள்ளங்கையிலும் உள்ளங்காலிலும் தடித்துக் கெட்டிப்பட்ட முண்டுகள். பல ஆண்டுகள் கழித்துத் தோலிலும் மூத்திரப் பையிலும் நுரையீரலிலும் புற்றுநோய். ஜாதவ்பூர் பல்கலைக்கழகத்தின் தீபங்கர் சக்ரவர்த்தி 1988 முதல் ஊர் ஊராகச் சென்று நீரைச் சோதித்து எச்சரித்துவந்தார். 1993-இல் வங்கதேசத்திலும் விஷம் கண்டுபிடிக்கப்பட்டது. 1998-99 ஆய்வில், ஆழமற்ற கிணறுகளில் நூற்றுக்கு இருபத்தேழு, லிட்டருக்கு 50 மைக்ரோகிராம் என்ற அந்நாட்டின் தளர்ந்த வரம்பையும் தாண்டியிருந்தன. பீகாரிலும் கிழக்கு உத்தரப் பிரதேசத்திலும், பகவான் நடந்த அந்தச் சமவெளியிலேயே, பின்னாளில் இதே விஷம் தெரியவந்தது.

தண்ணீர்தான் காரணம் என்று தெரியாத காலத்தில் கிராமம் வேறு காரணம் தேடிற்று. சாபம் என்றார்கள், குஷ்டம் என்றார்கள், தொட்டால் ஒட்டும் என்றார்கள். கை தடித்த மனைவியைப் பிறந்தகத்துக்கு அனுப்பிவிட்ட கணவர்கள் உண்டு. புள்ளி விழுந்த பெண்ணுக்கு வரன் வரவில்லை. பூர்வ ஜன்ம கர்மத்தின் பயன் என்று சொல்லித் தேற்றிக்கொள்வது நம்மவர்க்கும் புதிதல்ல. ஆனால் கர்மம் என்பது ஒருவன் தன் செயலைத் தானே விசாரித்துக்கொள்வதற்காக ரிஷிகள் ஏற்றிவைத்த விளக்கு. அதை எடுத்து அயலான் முகத்தில் பிடித்து, அவன் துன்பத்துக்கு அவனையே குற்றவாளியாக்குவது, காயத்தின் மேல் இழைக்கும் இரண்டாவது காயம். அந்தப் பெண் செய்ததெல்லாம் தாகத்துக்குத் தண்ணீர் குடித்ததுதான்.

அப்படியானால் பாவம் யாருடையது? இந்தக் கேள்வியின் வேர் அந்த மண்ணிலேயே பழமையானது. நாலந்தையில் பாவாரிகனின் மாந்தோப்பில், சமணச் செல்வனான உபாலி பகவானோடு வாதம் செய்ததைப் பாலி நூல் சொல்லுகிறது. உடலால் செய்யும் குற்றமே பெரிது என்பது சமணர் கொள்கையாக அங்கே வைக்கப்படுகிறது. மனத்தால் செய்யும் குற்றமே பெரிது என்பது பகவானின் பக்ஷம். நடக்கும்போது தன்னையறியாமல் சிற்றுயிர்களை மிதித்துவிடும் துறவியின் உதாரணத்தைக் காட்டி, எண்ணம் இல்லாத இடத்தில் பெருங்குற்றம் இல்லை என்று அவர் நிலைநாட்டினார். உபாலி அவருடைய சீடனானான்.

எண்ணத்தின் பக்ஷமே வென்றது. ஆயினும் சமணத்தை அத்துடன் தள்ளிவிட முடியாது. சமணரின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் கூறும்போது, பிரமாதத்தோடு, அதாவது கவனக்குறைவோடு கூடிய செயலால் உயிருக்கு ஊறு செய்வதே இம்சை என்கிறது. கெட்ட எண்ணம் இருந்தாலொழியக் குற்றமில்லை என்று சமணன் இளைப்பாற முடியாது. பார்த்து நடந்தாயா, வடிகட்டிக் குடித்தாயா என்ற வினா அவனைத் தொடர்ந்துகொண்டே இருக்கும். நீரை வடிகட்டுவதையே ஒரு விரதமாக்கிய அந்த மதத்தை, மதுரையின் மலைக்குகைகளில் கற்படுக்கை வெட்டிய துறவிகளின் மூலமாகத் தமிழ்நாடும் அறிந்திருந்தது. கருணை ஒருவனைக் கொடுக்கத் தூண்டும். என்ன கொடுக்கிறோம் என்று பார்க்கச் செய்வது அவதானம். இரண்டும் சேர்ந்தே தானம்.

சென்ற காலத்து விவாதம் என்று இதை ஒதுக்கவேண்டியதில்லை. 1992-இல் பிரிட்டிஷ் நில ஆய்வு நிறுவனம் வங்கதேசத்து நிலத்தடி நீரைப் பல பொருள்களுக்காகச் சோதித்து எழுதிய அறிக்கையில் ஆர்சனிக் சோதிக்கப்படவில்லை. அந்த மௌனத்தால் தான் கெட்டதாக வங்கதேசத்தவர் ஒருவர் தொடுத்த வழக்கு இங்கிலாந்தின் பிரபுக்கள் சபை வரையில் சென்றது. 2006-இல் அந்தச் சபை, அவருக்கும் அந்நிறுவனத்துக்கும் இடையே கடமையை விளைவிக்கத்தக்க நெருக்கம் இல்லையென்று வழக்கைத் தள்ளிற்று. சட்டம் தன் எல்லையைச் சொல்லிற்று. அதன் மேல் எனக்கு வழக்கில்லை. ஆனால் தர்மம் தூரத்தை அளப்பதில்லை. ஒரு நீரைக் கையில் எடுத்துச் சோதிக்கிறவனுக்கு, அதைக் குடிக்கப்போகிற வாய் எத்தனை காத தூரத்தில் இருந்தாலும் அண்டை வீடுதான்.

இங்கேதான் சுந்தன் தோண்டிய குழி எனக்கு வழி காட்டுகிறது. அறியாமல் கொடுத்தவனுக்கு ஆறுதல் உண்டு. பகவானே அதை அளித்திருக்கிறார். ஆகவே 1970-களில் குழாய் இறக்கிய கைகளை நாம் சபிக்கலாகாது. ஆனால் அந்த ஆறுதல், அறிந்த பிறகு மிச்சத்தைப் பரிமாறுகிறவனுக்கு உரியதன்று. அன்னத்தின் இயல்பு தெரிந்த கணமே, கொடுத்தவன் செய்யவேண்டிய காரியம் மாறிவிடுகிறது. 2000-க்கும் 2003-க்கும் இடையே வங்கதேசத்தில் சுமார் 50 லட்சம் கிணறுகளைச் சோதித்து, தீங்கற்றவற்றின் வாயில் பச்சை வர்ணமும், தீங்குள்ள சுமார் 14 லட்சத்தின் வாயில் சிவப்பு வர்ணமும் பூசினார்கள். அந்தச் சிவப்பே சுந்தனின் குழி. அது போதிய ஆழமாகத் தோண்டப்படவில்லை. வர்ணம் உதிர்ந்தது, புதிய கிணறுகள் சோதனையின்றி எழுந்தன, இன்னும் சுமார் 2 கோடிப் பேர் வரம்பு மீறிய நீரையே குடிப்பதாகவும், அரசாங்கம் போடும் ஆழ்கிணறுகள் தேவையுள்ள இடத்தை விட்டுச் செல்வாக்குள்ளவர்களின் இடத்துக்குப் போவதாகவும் ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2016-இல் எழுதிற்று. 1970-களில் அது அறியாமை. 2016-இல் அதற்குப் பெயர் பாவம். வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பரிகாரத்தை அந்தப் பூமியில் பிறந்தவர்களே தேடியிருக்கிறார்கள். வங்கதேசத்தில் பிறந்த ரசாயன அறிஞர் அபுல் ஹுஸாம் அமைத்த சோனோ வடிகலத்தில், மணலும் கரியும் செங்கல் சில்லுகளுமாகிய அடுக்குகளோடு முக்கியமாக வேலை செய்வது இரும்பு. துருவாய் இருந்து விஷத்தைக் கட்டி வைத்திருந்த அதே இரும்பு, மண்ணுக்கடியில் கை நெகிழ்ந்ததை ஒரு வாளிக்குள் மீண்டும் பற்றிக்கொள்கிறது.

அதனினும் எளிய பரிகாரம் ஒன்று உண்டு. விஷம் அந்த மண்ணில் ஒரே சீராகப் பரவியிருக்கவில்லை. சிவப்புக் கிணற்றுக்குச் சில பத்து மீட்டருக்கு அப்பால் பச்சைக் கிணறு இருப்பது சாதாரணம். ஆகவே ஒரு வீட்டுப் பெண் இன்னொரு வீட்டு முற்றத்துக்குக் குடத்தோடு போகவேண்டும். அந்த வீட்டார் முகம் சுளிக்காமல் இடம் விடவேண்டும். கிணற்றை இறக்கியவர்களின் புண்ணியம் பாதியில் நின்றுபோன இடத்திலிருந்து, அதை எடுத்து முடிப்பவர்கள் இவர்களே. எண்ணத்தின் தூய்மையும் பொருளின் தூய்மையும், உபாலியின் வாதத்தில் பிரிந்து நின்ற அந்த இரண்டும், பச்சை வர்ணம் பூசிய அந்தக் குழாயடியில் ஒன்றாகிவிடுகின்றன. ஏனெனில் அங்கே கொடுக்கிறவள், தான் கொடுப்பது இன்னதென்று அறிந்து கொடுக்கிறாள்.