மதியத்துக்குப் பின்

வெளியிலிருந்து பார்த்தால் ஒன்றும் தெரியாது. காலில் கட்டு இருந்தால் பேருந்தில் எழுந்து இடம் கொடுப்பார்கள். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்கு அப்படி ஓர் அடையாளம் கிடையாது. "நல்லாத்தானே மேடம் இருக்கீங்க" என்கிறார்கள். ஆமாம் என்கிறேன். காலை பத்து மணிக்கு அது பொய்யுமில்லை.

*

மூளை, தண்டுவடம், பார்வை நரம்பு இவற்றின் நரம்பிழைகளைச் சுற்றி மையலின் என்றோர் உறை உண்டு, மின்கம்பியைச் சுற்றிய ரப்பர் மாதிரி. உடம்பின் காவல் அணுக்களே திரும்பி அதை அரித்துவிடுகின்றன. எங்கே அரிக்கிறதோ அங்கே செய்தி தடுமாறுகிறது. ஒருவருக்குக் கண் மங்குகிறது, சிவப்பு வெளிறித் தெரிகிறது. ஒருவருக்குக் கால் மரத்துப்போகிறது. ஒருவர் கழிவறைக்குப் பக்கத்து இருக்கையை வாய்விட்டுக் கேட்கக் கூசிக்கொண்டே வருடங்களைக் கழிக்கிறார். பெரும்பாலும் 20 வயதிலிருந்து 40 வயதுக்குள் தொடங்குகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு இரண்டு மூன்று மடங்கு அதிகம். வேலை நிலைத்து, வீட்டுக்கடன் வாங்கி, பிள்ளையைப் பள்ளியில் சேர்க்கிற வயது அது.

*

'அசதி' என்று சொல்லிப் பார்த்தேன். "யாருக்குத்தான் இல்லை" என்று சிரித்தார்கள். அவர்களுடைய அசதி வேலை செய்தபின் வருவது, தூங்கினால் போவது. இது நான் வருவதற்கு முன்பே என் நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மூன்று மணிக்கு மேல் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன். சொல்ல வந்த பெயர் தொண்டைக்கு வந்து நின்றுவிடுகிறது.

சாப்பாட்டுக்குப் பின் கொஞ்ச நேரம் கண்ணை மூடி உட்காருகிறேன். மூச்சு வருகிறது, போகிறது. இடது பாதம் எங்கே இருக்கிறது என்று மனத்தால் தேடுகிறேன். சில நாள் அகப்படுகிறது. இதைத் தியானம் என்று சொன்னால் அலுவலகத்தில் மரியாதை, ஓய்வு என்று சொன்னால் சோம்பேறி. ஆகவே தியானம் என்றே சொல்லிக்கொள்கிறேன்.

*

வெயிலைப் பற்றி எழுத வேண்டும். வில்ஹெல்ம் ஊட்ஹோஃப் என்ற ஜெர்மானியக் கண் மருத்துவர் 1890இல் ஒன்றைக் கவனித்து எழுதினார்: இந்த நோயாளிகள் சிலருக்கு உடலுழைப்புக்குப் பின் பார்வை மங்கி, ஓய்வெடுத்தால் திரும்பிவிடுகிறது. உடல்சூடுதான் காரணம் என்பது பிறகு தெரிந்தது. உறை அரிபட்ட நரம்பில் அரை டிகிரி சூடு கூடினாலும் செய்தி தேங்கிப்போகும். ஒரு காலத்தில் நோயைக் கண்டுபிடிக்க நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்காரவைத்துப் பார்த்தார்களாம். சென்னையில் அதற்குத் தொட்டி தேவையில்லை. கத்திரி வெயிலில் பேருந்து நிறுத்தத்திலிருந்து அலுவலக வாசல் வரை நடந்தால் போதும்.

உடம்பு குளிர்ந்தால் எல்லாம் பழையபடி ஆகும்; நரம்புக்குப் புதிய சேதம் இல்லை. அதைத் தெரிந்துகொண்ட அன்று பாதி பயம் போயிற்று. ஏசிக்கு நேரே இருக்கையும், கோடையில் ஒரு மணி நேரம் முன்னால் வந்து முன்னால் போகும் அனுமதியும் கேட்டேன். சொகுசு கேட்கிறாள் என்று பேச்சு வந்தது. வரட்டும்.

*

செல்லோ மேதை ஜாக்குலின் டூ ப்ரேயை அடிக்கடி நினைக்கிறேன். இதே நோயால் அவர் விரல் நுனியில் தந்தி தட்டுப்படாமல் போயிற்று. 1973இல், 28 வயதில், மேடையை விட்டார். அதன் பிறகும் மாணவர்களுக்குக் கற்பித்தார். 1987இல், 42 வயதில் இறந்தார். நோயின் போக்கையே மட்டுப்படுத்தும் முதல் மருந்தான இன்டர்ஃபெரான் பீட்டாவுக்கு அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது 1993இல். நாங்கள் அதற்குப் பின்னால் வந்தவர்கள். எங்களுக்கு வேலையில் நீடிப்பது பற்றி யோசிக்கவாவது இடமிருக்கிறது.

*

வேலையை விடச் சொல்கிறவர்கள் யாரும் கெட்டவர்கள் இல்லை. "உடம்புதாம்மா முக்கியம்" என்கிறார் மேலதிகாரி. "மாப்பிள்ளைதான் சம்பாதிக்கிறாரே" என்கிறார் பெரியம்மா. இந்த அக்கறைக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன். திட்டினால் எதிர்த்து நிற்கலாம். பரிவாகச் சொன்னால் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வந்துவிடுவோம். சம்பளத்தோடு அலுவலகத்தின் குழு மருத்துவக் காப்பீடும் போகும். பத்து மணிக்கு நான் யார் என்ற கேள்விக்குப் பதிலும் போகும்.

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பட்டியலிட்ட 21 குறைபாடுகளில் இந்த நோயும் ஒன்று. அரசு வேலைக்கான நான்கு சதவீத இடஒதுக்கீட்டுப் பிரிவில் மட்டும் இதன் பெயர் தனியாக இல்லை. அது எனக்குச் சரியாகப் படவில்லை. ஆனால் 20ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. பணிக்காலத்தில் குறைபாடு வந்த ஊழியரை அரசு நிறுவனம் நீக்கவோ பதவி இறக்கவோ கூடாது. அந்த வேலைக்கு இயலாவிட்டால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும். அதுவும் இல்லையென்றால் உபரிப் பணியிடத்தில் வைத்திருக்கலாம். தனியார் துறைக்கு இவ்வளவு இறுக்கம் இல்லை. 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் தனியார் நிறுவனம் சமவாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும். உங்கள் நிறுவனத்தில் அந்தத் தாளைக் கேட்டுப் பாருங்கள்.

*

இதே நோயோடு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. நோய் திடீரென்று கூடிய வாரங்களில் ராஜினாமா எழுதாதீர்கள். அந்தத் தாக்குதல் பெரும்பாலும் சில வாரங்களில், சில மாதங்களில் தணியும். கொடுத்த ராஜினாமா திரும்ப வராது. அதற்குப் பதிலாகக் கோரிக்கைக் கடிதம் எழுதுங்கள். எந்த இருக்கை, எந்த நேரம், வாரத்தில் எந்த நாள் வீட்டிலிருந்து வேலை என்று வெளிப்படையாகக் கேளுங்கள். நரம்பியல் மருத்துவரின் கடிதத்தை இணையுங்கள். நகலில் தேதியோடு ஒப்புதல் கையெழுத்து வாங்கி வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள்.