வாய் திறவாமல் சொல்லும் பொய்

பொய் என்றால் நாவு செய்யும் குற்றம் என்றே நம்மில் பலரும் எண்ணியிருக்கிறோம். வாயே திறவாமல் பொய் சொல்ல முடியுமா? முடியும் என்று காட்டுகிறது, ஸஹீஹ் முஸ்லிமில் அபூஹுரைரா (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஒரு நிகழ்ச்சி.

விற்பனைக்கு வைத்திருந்த தானியக் குவியல் ஒன்றைக் கடந்து சென்ற நாயகம் (ஸல்) அவர்கள், அதனுள் கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. காரணம் கேட்க, மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். அப்படியானால் நனைந்ததை மக்கள் பார்க்கும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று கேட்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என எச்சரித்தார்கள்.

சற்றே சிந்திப்போம். மழை பெய்தது வணிகரின் குற்றமன்று. கேட்டதும் அவர் உண்மையையே சொன்னார். பிறகு பிழை எங்கே? காய்ந்தது மேலும் நனைந்தது கீழுமாகக் கிடந்த அந்தக் குவியலில்தான்! எதைப் பார்த்து நம்பி ஒருவர் விலை கொடுப்பாரோ, அந்த நம்பிக்கையையே அது ஏய்த்தது.

விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசி, குறையையும் எடுத்துச் சொன்னால் அவ்வியாபாரத்தில் பரக்கத் உண்டாகும். மறைத்துப் பொய்யுரைத்தால் அந்தப் பரக்கத் அழிந்துபோகும் என்பது ஹகீம் இப்னு ஹிஸாம் (ரலி) அவர்கள் அறிவிக்கும் நபிமொழியின் கருத்து. மறைத்தலும் பொய்யும் அங்கே சேர்த்தே சொல்லப்பட்டுள்ளன.

அப்படியானால் எல்லாவற்றையும் எல்லோரிடமும் சொல்லிவிட வேண்டுமா? இல்லை. தன் பாவத்தைப் பறைசாற்றாதிருப்பதும், பிறர் குறையை மூடிவைப்பதும் மார்க்கம் போற்றும் பண்புகள். பிணங்கியவர்களைச் சேர்த்துவைக்க நல்லது கூறுபவர் பொய்யர் அல்லர் என்றும் நபிமொழி உண்டு. ஆனால் நம் சொல்லையோ மௌனத்தையோ நம்பி ஒருவர் தம் பொருளையோ வாழ்வையோ ஒப்படைக்கும்போது, அவர் அறிய வேண்டியதை மறைப்பது மோசடியாகும்.

மாப்பிள்ளைக்கு உள்ள நோயைப் பெண் வீட்டார் கேட்கவில்லை, ஆகவே சொல்லவில்லை என்பார் சிலர். கடன் கொடுத்தவர் வாசலில் நிற்க, கொல்லைப்புறம் போய் நின்றுகொண்டு, "வாப்பா வீட்டுக்குள் இல்லை என்று சொல்" எனப் பிள்ளையை அனுப்புவாரும் உண்டு. சொல்லில் பொய் இல்லைதான்! ஆனால் நிய்யத்தை அல்லாஹ் அறிவான். அந்தப் பிள்ளையும் அறியும். நாளை அதையே நம்மிடம் செய்து காட்டும்.

ஆகவே, நம் குவியலில் நனைந்தது எதுவோ அதை நாமே மேலே எடுத்து வைப்போம். விலை சற்றுக் குறையலாம், பரக்கத் குறையாது. அதற்கு வல்ல நாயன் நமக்குத் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.