கருணைக்குக் களைப்பு உண்டோ?

அசோகச் சக்கரவர்த்தி கி. மு. மூன்றாம் நூற்றாண்டில் பொறிப்பித்த பாறைச் சாசனங்களுள் இரண்டாவது, மருத்துவத்தைப் பற்றியது. தம் ஆட்சிக்குட்பட்ட நாடுகளில் மட்டுமன்றி, எல்லைக்கு அப்பாலிருந்த சோழர், பாண்டியர், சத்தியபுத்திரர், கேரளபுத்திரர் ஆகியோர் நாடுகளிலும், தாமிரபரணி எனப்பட்ட இலங்கையிலும், மக்களுக்கும் விலங்குகளுக்கும் மருத்துவ உதவி ஏற்பாடு செய்யப்பட்டதாக அச்சாசனம் கூறுகின்றது. மூலிகைகள் இல்லாத இடங்களில் அவை கொணர்ந்து நடப்பட்டனவாம். கருணை என்பது உள்ளத்தில் எழும் உணர்ச்சி மட்டுமே என்று அப்பேரரசர் கருதியிருப்பாராயின், அறவுரை கூறி அமைந்திருப்பார். அவரோ மருந்துச் செடியை நட்டார். இவ்வேறுபாட்டை மனத்திற்கொண்டு, பண்டைக் கேரளபுத்திரர் பெயரைத் தாங்கிய நாட்டின் தலைநகராகிய திருவனந்தபுரத்தில் இன்று எழும் ஒரு கேள்வியை ஆராய்வோம்.

திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி 1951ஆம் ஆண்டு தொடங்கப்பெற்றது. 1956இல் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்த பின்னரும், நாகர்கோவில், தக்கலைப் பகுதிகளிலிருந்து தமிழ் மக்கள் அம்மருத்துவமனையையும், 1981இல் நிறுவப்பெற்ற வட்டாரப் புற்றுநோய் மையத்தையும் நாடிச் செல்வது நின்றுவிடவில்லை. நோயாளியோடு உடன் தங்குவதை அங்கே 'கூட்டிருப்பு' என்பர். கூட்டிருப்புக்குச் சென்றவர்கள் ஊர் திரும்பியதும் முதலிற் பேசுவது மருத்துவரைப் பற்றியன்று; செவிலியரைப் பற்றியே. "அந்தச் சிஸ்டர் தெய்வம்" என்பார் ஒருவர். "இரக்கமே இல்லாதவள், மூன்று முறை கூப்பிட்டும் வரவில்லை" என்பார் மற்றொருவர். இருவரும் ஒரே பெண்ணைப் பற்றிப் பேசுகின்றனராதலும் கூடும். முதல்வர் கண்டது பணி தொடங்கிய முதல் மணி நேரத்தில். மற்றவர் கண்டது கடைசி மணி நேரத்தில்.

கருணை குறைந்தால் அது யாருடைய குற்றம்? இதுவே நம் கேள்வி.

1992இல் அமெரிக்கச் செவிலியர் இதழ் ஒன்றில் 'கருணைக் களைப்பு' என்னும் பொருள்படும் ஒரு சொற்றொடர் ஆளப்பெற்றது. பிறர் துன்பத்தை நாள்தோறும் கண்டு, தாமும் வாடி, இறுதியில் எதையும் உணராத நிலையை அடைந்த செவிலியரைக் குறிக்க எழுந்த சொல் அது. பௌத்தருக்கு இச்சொல் சிறிது வியப்பைத் தரும். மைத்திரி, கருணை, முதிதை, உபேட்சை என்னும் நான்கையும் அளவிறந்தவை என்றன்றோ நம் நூல்கள் கூறுகின்றன? அளவில்லாதது தீர்ந்துபோவது எவ்வாறு?

இதற்கு விடை விசுத்திமார்க்கத்தில் உண்டு. கருணைக்குக் கொடுமை தூரத்துப் பகை. துயரமோ அருகிலிருக்கும் பகை என்று ஆசிரியர் புத்தகோசர் பிரித்துக் காட்டுகின்றார். துயரம் கருணையைப் போலவே தோற்றமளிக்கும். ஆயினும் அது கருணையன்று. அவ்வாறே உபேட்சைக்கு அருகிலிருக்கும் பகை, அறியாமையால் வரும் அலட்சியம். களைத்துப்போன செவிலியிடம் நாம் காண்பது இவ்விரு பகைகளையே.

அண்மைக்கால ஆய்வும் இதற்கு அரண் செய்கின்றது. டானியா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி முதலியோர் நடத்தி 2014இல் வெளியிட்ட ஆய்வில், பிறர் துயரைத் தம் துயராக உணர்வதற்குப் பயிற்சி பெற்றவர்களிடம் வேதனை மிகுந்தது. பின்னர் அவர்களே கருணைப் பயிற்சி பெற்றபோது வேதனை தணிந்து, நல்லுணர்வு பெருகியது. இவ்வாராய்ச்சியாளரோடு இணைந்து உழைத்தவர்களுள் மத்தியூ ரிக்கார் என்னும் பௌத்தத் துறவியும் ஒருவர். ஆகவே, களைப்படைவது கருணையன்று, துயரமே என்று கூறுதல் தவறாகாது.

ஆனால் இந்த இடத்தில்தான் நாம் விழிப்பாக இருத்தல் வேண்டும். "அப்படியானால் செவிலியருக்குத் தியானம் கற்பித்துவிட்டால் போதும், குறை தீர்ந்தது" என்று கூறிவிடுவது மிக எளிது, செலவும் குறைவு. இம்முடிவு உண்மையில் பாதியே ஆகும்.

மற்றப் பாதியை வேறோர் ஆய்வு காட்டுகின்றது. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்துப் பேராசிரியை லிண்டா எய்க்கனும் அவர்தம் குழுவினரும் ஐரோப்பாவின் 9 நாடுகளில் 300 மருத்துவமனைகளைச் சேர்ந்த 4 இலட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை நோயாளிகளின் விவரங்களை ஆராய்ந்து 2014இல் முடிவுகளை வெளியிட்டனர். ஒரு செவிலியின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடுந்தோறும், சேர்ந்த 30 நாட்களுக்குள் நோயாளி இறக்கும் வாய்ப்பு 7 விழுக்காடு மிகுந்து காணப்பட்டது. பட்டம் பெற்ற செவிலியர் 10 விழுக்காடு கூடிய இடங்களில் அவ்வாய்ப்பு 7 விழுக்காடு குறைந்து காணப்பட்டது. அச்செவிலியர் கூடுதல் நோயாளிகளை வெறுத்தனர் என்று யாரும் கூறார். இரண்டு கைகளும் இரண்டு கண்களும் உடைய ஒருவர், ஒரே நேரத்தில் எத்தனை பேருடைய மூச்சைக் கவனித்தல் இயலும்? உள்ளத்தில் அளவில்லாத கருணை இருக்கலாம். உடலுக்கும் காலத்துக்கும் அளவு உண்டு.

புத்தர் பெருமான் இதை நன்கு அறிந்திருந்தார் என்பதற்கு மகாவக்கத்தில் வரும் வரலாறே சான்று. வயிற்றுக்கடுப்பு நோயால் வருந்திய பிக்கு ஒருவர், தம் மலசலத்திலேயே கேட்பாரற்றுக் கிடந்தார். அவ்வழியே வந்த பகவன், ஆனந்தரைத் தண்ணீர் கொணரச் செய்து, தாமே நீர் வார்க்க, ஆனந்தர் உடலைக் கழுவினார். தலைப்புறத்தைப் பகவனும் கால்புறத்தை ஆனந்தரும் தாங்கி அவரைக் கட்டிலிற் கிடத்தினர். நாம் அனைவரும் போற்றும் பகுதி இதுவே. இதன்பின் நிகழ்ந்ததையோ நாம் அவ்வளவாக எண்ணுவதில்லை.

பகவன் சங்கத்தைக் கூட்டி, அவரை ஏன் ஒருவரும் பேணவில்லை என்று வினவினார். அவரால் மற்றவர்க்கு ஒரு பயனும் இல்லையாதலால் பேணவில்லை என்று பிக்குகள் விடை கூறினர். அப்பொழுது பகவன், நோயாளிக்குச் செய்யும் தொண்டைத் தமக்குச் செய்யும் தொண்டுக்கு நிகராக வைத்துப் பேசியதோடு நிற்கவில்லை. ஒழுங்கு ஒன்றையும் வகுத்தார். நோயுற்றவரை அவருடைய ஆசான் பேண வேண்டும். மாணவர் பேண வேண்டும். எவரும் இல்லையெனில் சங்கம் முழுவதுமே பேண வேண்டும். தவறினால் அது விதிமீறிய குற்றமாகும். குற்றம் யாரைச் சார்ந்தது என்பதைக் கவனிக்க. கருணையுள்ள ஒருவர் தோன்றுவார் என்று காத்திருக்க அவர் சொல்லவில்லை. பொறுப்பைக் கூட்டத்தின்மீது சுமத்தினார்.

அதே பகுதியில் நல்ல செவிலிக்குரிய ஐந்து தகுதிகளும் கூறப்படுகின்றன: மருந்து அமைக்கும் திறமை, நோயாளிக்கு ஒத்தது, ஒவ்வாதது அறிதல், ஆதாயம் கருதாது அன்பினால் பேணுதல், மலம், சிறுநீர், வாந்தி முதலியவற்றை அருவருக்காமை, நல்லுரையால் நோயாளியைத் தேற்றுதல். திறமையும் அறிவும் முதலில் நிற்க, அன்பு மூன்றாவதாக வருகின்றது. கல்வி ஈயாமல் அன்பை மட்டும் எதிர்பார்ப்பது புத்தர் காட்டிய முறையன்று.

இங்கே சிலர் மறுப்புக் கூறலாம்: "ஆதாயம் கருதலாகாது என்று பகவனே கூறியிருக்க, செவிலியர் ஊதியத்துக்காகப் போராடுவது தகுமோ?" இம்மறுப்பை அன்பர்கள் பலர் நல்லெண்ணத்தோடேயே கூறுகின்றனர். ஆயினும் அவ்வுரை பேணுபவருடைய உள்ளத்தை நோக்கியது. பணி வாங்குபவருடைய பணப்பெட்டியை நோக்கியதன்று. பணி வாங்குபவருக்கு அறம் கூறுவது சிகாலோவாத சூத்திரம். வலிமைக்கு ஏற்ப வேலை அளித்தல், உணவும் ஊதியமும் தருதல், நோயுற்றபோது பேணுதல், சுவையான பண்டங்களைப் பகிர்தல், உரிய காலத்தில் ஓய்வு தருதல் என்னும் ஐந்தும் அவர் கடமைகள். 'வலிமைக்கு ஏற்ப' என்னும் ஒரு சொல்லிலேயே இன்றைய ஆய்வின் கருத்து அடங்கியுள்ளது. கேரளத்துத் தனியார் மருத்துவமனைச் செவிலியர் பல ஆண்டுகள் போராடிய பின்னர், 2018 ஏப்ரலில் அவர்களுக்குரிய குறைந்த அடிப்படை ஊதியத்தை மாதம் 20,000 ரூபாயாக அம்மாநில அரசு அறிவித்தது. அதனை ஆதாய வேட்கை என்பது பொருந்தாது. அறம் விதித்த கடனைக் கேட்டுப் பெற்றதேயாகும்.

"ஏழை மருத்துவமனை அதிகச் செவிலியரை எங்ஙனம் அமர்த்தும்?" என்று கேட்பாரும் உளர். இது கடினமான கேள்வியே. ஆயினும், அமர்த்தாததனாலும் செலவு ஏற்படுகின்றது. அதனைக் களைத்த செவிலியும், குரலெழுப்ப வலுவில்லாத நோயாளியும் தம் உடலால் செலுத்துகின்றனர்.

அதே 2018ஆம் ஆண்டு மே 21ஆம் நாள், கோழிக்கோடு மாவட்டத்துப் பேராம்பிரா வட்ட மருத்துவமனைச் செவிலி லினி, நிபா நோயாளியைப் பேணியதால் தாமும் அந்நோயுற்று உயிர் நீத்தார். குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளுமாறு கணவருக்கு அவர் எழுதிய சிறு கடிதம் நாடெங்கும் கண்ணீர் வரவழைத்தது. அவர் தியாகம் வணங்கத்தக்கது. ஆனால் இறந்த செவிலியைத் தெய்வமென்று வணங்கிவிட்டு, உயிரோடிருப்பவரை ஓய்வின்றி வேலை வாங்குவோமாயின், அவ்வணக்கத்தினால் பயன் என்ன?

பொறுப்பைப் பகிர்ந்துகொள்ளுதல் இயலாததன்று. 1993இல் கோழிக்கோட்டில் வலி தணிப்புச் சங்கம் ஒன்று தோன்றியது. அதைத் தொடங்கியவர்களுள் ஒருவரான டாக்டர் எம். ஆர். இராஜகோபால், 2003இல் திருவனந்தபுரத்தில் பாலியம் இந்தியா என்னும் அமைப்பை நிறுவினார். 2008இல் கேரள அரசு இத்தகைய பராமரிப்புக்கெனத் தனிக் கொள்கை வகுத்தது. ஊராட்சிகள் பொறுப்பேற்க, செவிலியரும் தொண்டர்களும் படுக்கையில் கிடப்போரின் இல்லங்களுக்கே செல்கின்றனர். எவரும் இல்லையெனில் சங்கம் பேணுக என்ற பழைய விதியின் நிழலை இதில் நாம் காணலாம்.

எனவே, அடுத்தமுறை நோயாளியோடு உடன் தங்கச் செல்லும் அன்பர், மூன்று முறை அழைத்தும் செவிலி வரவில்லையென்றால், அவருக்கு இரக்கமில்லை என்று முடிவு கட்டுமுன், அவ்விரவில் அவர் பொறுப்பில் எத்தனை பேர் உள்ளனர் என்று கேட்டறிக. தம்மால் இயன்ற தண்ணீர் வார்த்தலும், படுக்கை மாற்றுதலும் தாமே செய்க. மறுநாள் அவ்வெண்ணிக்கையை, அதை மாற்றும் அதிகாரம் உடையவர்களிடம் எடுத்துக் கூறுக. பகவன் முதலில் நீர் வார்த்தார். பின்னர்ச் சங்கத்தைக் கூட்டினார். இவ்விரண்டும் நம் கடமைகளே.