பஞ்சாமிர்தம் வேண்டாம்னு சொல்லலாமா?

ஓம் சரவணபவ!

பழனிக்குப் போய்வந்த பெரியம்மா பஞ்சாமிர்தம் நீட்டுறாங்க. உங்களுக்கோ நாள்பட்ட சிறுநீரக நோய். ரத்தத்தில் பொட்டாசியம் கூடியிருக்கு, குறைக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். பஞ்சாமிர்தத்தில் இருக்கிற வாழைப்பழம், பேரீச்சம்பழம் ரெண்டுலயும் பொட்டாசியம் அதிகம். பழுதான சிறுநீரகம் அதை வெளியேற்றத் திணறும். ரொம்பக் கூடினால் இதயத் துடிப்பே தடுமாறும்.

"முருகன் பிரசாதம், ஒண்ணும் செய்யாது"ன்னு அன்பா சொல்றாங்க. மறுத்தால் பக்தி குறைவா?

சுவாமிமலையை நினைச்சுப் பாருங்க. பிரணவத்தின் பொருளைப் பிள்ளை சொல்ல, அப்பன் காதுகொடுத்துக் கேட்டார். தெரிந்ததைப் பெரியவங்ககிட்ட பணிவா சொல்றது அவமரியாதை இல்லை.

பேசாம வாங்கிச் சாப்பிட்டா பெரியம்மா மனசு இன்னைக்கு நோகாது. நாளைக்கு உங்களுக்கு ஏதாவது ஆனா, "நான் கொடுத்ததாலயா"ன்னு அவங்கதானே அழுவாங்க? அந்தப் பாரத்தை அவங்க தலையில வைக்கலாமா?

பிரசாதத்தைக் கண்ணில் ஒற்றிக்கிட்டு, "பெரியம்மா, என் கிட்னிக்கு இது ஆகாது, விபூதி பூசிவிடுங்க"ன்னு சொல்லுங்க. விபூதியும் அவன் பிரசாதம்தான்.

டாக்டர்கிட்டயும் கூச்சப்படாதீங்க. "என் பொட்டாசியம், கிரியேட்டினின் எவ்வளவு? எதை எவ்வளவு சாப்பிடலாம்?"னு கேளுங்க. எல்லாருக்கும் ஒரே பத்தியம் கிடையாது.

வெற்றிவேல் முருகனுக்கு அரோகரா!