பெயரில்லாத வரி

நம்மவர் இல்லங்களில் திருமணப் பேச்சு எழுந்தால் முதற்கேள்வி, “யார் வீட்டுப் பிள்ளை?” என்பதே. பெரியவர்கள் பாட்டனார் வரை சொல்வார்கள். ஐயம் வந்தால் பள்ளிவாசல் நிக்காஹ் புத்தகம் இருக்கிறது. மணமக்கள், அவர்தம் தந்தையர், வக்கீல், சாட்சிகள் என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். இந்தப் பாக்கியம் எல்லாருக்கும் வாய்த்ததன்று.

அமெரிக்கக் கறுப்பின மக்கள் தம் முன்னோரைத் தேடிச் செல்லும்போது 1870-ஆம் ஆண்டுக் குடிமதிப்புக்கு அப்பால் பாதை இருண்டுவிடுகிறது. 1850, 1860-ஆம் ஆண்டுகளின் அடிமைப் பட்டியல்களில் எசமானின் பெயருக்குக் கீழே வயது, பால், நிறம் ஆகியவையே உண்டு. அடிமையின் பெயர், மிகச் சில இடங்கள் நீங்கலாக, இல்லை. இன்னும் பின்னே செல்ல எசமான் வீட்டு உயில்களைப் புரட்டவேண்டும். அங்கே மாட்டுக்கும் கட்டிலுக்கும் நடுவே, விலையோடு, ஒரு பெயர் அகப்படலாம். அதுவும் பெரும்பாலும் எசமான் இட்ட பெயர்.

அலெக்ஸ் ஹேலி 1976-இல் ‘ரூட்ஸ்’ என்னும் நூலை வெளியிட்டார். காம்பியாவின் ஜுஃபூரே என்ற சிற்றூரில் பிறந்து, 1767-இல் கப்பலேற்றி வரப்பட்டு, ‘டோபி’ ஆக்கப்பட்ட குண்டா கிண்டே என்னும் முஸ்லிம் இளைஞரே தம் மூதாதை என்றார். உலகமே கண்கலங்கியது; நாமும் கலங்கினோம். ஆனால், 1981-இல் ஏடுகளை ஆராய்ந்த இருவர், அக்கப்பல் கரைசேருமுன்பே டோபி வர்ஜீனியாவில் இருந்ததைக் காட்டினர். ஹேலியும் தம் நூலில் உண்மையோடு கற்பனை கலந்திருப்பதை ஒப்புக்கொண்டிருந்தார்.

பெயரைப் பறிகொடுத்தவனுக்குப் பேரன் ஒரு பெயர் சூட்டினால் அது குற்றமா? இரக்கம் ‘இல்லை’ என்கிறது. திருமறையின் அஹ்ஸாப் அத்தியாயமோ, மனிதரை அவரவர் தந்தையர் பெயராலேயே அழைக்கச் சொல்கிறது. தந்தை இன்னாரென்று தெரியாவிடில் மார்க்கச் சகோதரராகக் கொள்ளச் சொல்கிறது. இட்டுக்கட்ட அங்கே இடமில்லை, இழிவுக்கும் இடமில்லை. (மூன்றே தலைமுறையில் அரபு வம்சாவளி தேடிக்கொண்ட நம் கனவான்கள் சிலரும் இதைச் சிந்திக்கலாம்.)

உமர் இப்னு ஸஈதுக்கு இத்தொல்லை இல்லை. 1807-இல் சார்ல்ஸ்டன் துறைமுகத்தில் விற்கப்பட்ட அவர், 1831-இல், அடிமையாக இருந்துகொண்டே, முல்க் அத்தியாயத்தை முன்வைத்துத் தம் வரலாற்றை அரபியில் தாமே எழுதினார். எழுதத் தெரிந்த கைக்கு ஒரு தாளும் கிடைத்தது.

எம் பாட்டியார்க்கு எழுதத் தெரியாது. 1923-இல் சிவகாசியில் தீப்பெட்டித் தொழில் காலூன்றியபின், சுற்றியுள்ள ஊர்களில் எத்தனையோ வீட்டுத் திண்ணைகள் பெட்டி ஒட்டும் களங்களாயின. திருத்தங்கலில் எம் பாட்டியார் சிறுமியாய் இருந்தபோது ஒட்டியவற்றின் கணக்கு நோட்டு ஒன்று எம்மிடம் உள்ளது. இத்தனை குரோஸ், இத்தனை அணா. மேலே அவர் தந்தையின் பெயர். ஒட்டிய விரல்களுக்கு உரியவரின் பெயர் எந்தப் பக்கத்திலும் இல்லை.

அண்மையில் குடும்ப ஏடொன்று தொடங்கினோம். பாட்டியாரின் பெயர், ஊர், அவர் ஒட்டிய பெட்டிகள் எல்லாம் ஏறிவிட்டன. அவருடைய தாயாரின் பெயரை அறிந்தவர் எவரும் இன்றில்லை. “ஆயிஷா என்று எழுதிவிடுவோமே, அத்தா, அழகாய் இருக்கும்” என்றாள் எம் மகள். ‘தாயார்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் இடம் விட்டிருக்கிறோம்.