அரியணை யாருக்கு உரியது?

ஓர் அரியணைக்கு இருவர் உரிமை கோரும்போது உண்மையான வாரிசு யார் என்பதை எதைக்கொண்டு அறிவது? தஞ்சை மராட்டிய அரசின் இறுதிக்காலம் இக்கேள்வியை நம் முன் வைக்கிறது.

1787-ஆம் ஆண்டு மன்னர் துளஜா மறைந்தார். அதற்குச் சற்று முன்னர் போன்ஸ்லே குலத்துச் சிறுவன் சரபோஜியை அவர் தத்தெடுத்திருந்தார். தத்து செல்லுமா என்று ஆங்கிலேயக் கம்பெனி பண்டிதர்களைக் கேட்டது. ‘சிறுவன் தன் தந்தைக்கு ஒரே மகன், வயதும் கடந்துவிட்டது, ஆகவே செல்லாது’ என்றனர் அவர்கள். துளஜாவின் மாற்றாந்தாய் மகன் அமர்சிங் அரசரானார். சில ஆண்டுகளில் காசியிலும் வங்கத்திலும் இருந்த பண்டிதர்களிடம் அதே கேள்வி சென்றது. ‘தத்து செல்லும்’ என்று பதில் வந்தது. முதலில் தீர்ப்புச் சொன்னவர்கள் கையூட்டுப் பெற்றதாகக் குற்றச்சாட்டும் எழுந்தது. 1798-இல் சரபோஜி அரியணை ஏறினார்.

சாஸ்திரம் ஒன்று; தீர்ப்புகள் இரண்டு. இதனால் சாஸ்திரமே பொய் என்று முடிவு செய்யலாமா? தராசைப் பிடித்த கை நடுங்கினால் எடைக்கற்களைக் குறை கூறுவதில் பொருளில்லை. பதில் சொன்னவர்களுக்கு ஆசை இருந்தது. கேள்வி கேட்டவர்களுக்கும் ஆதாயம் இருந்தது. 1799-ஆம் ஆண்டு உடன்படிக்கையின்படி தஞ்சை நாட்டின் நிர்வாகம் முழுவதும் கம்பெனியிடம் சென்றது. சரபோஜிக்குக் கோட்டையும், ஆண்டுக்கு 1 லட்சம் வராகனும், நிகர வருவாயில் ஐந்தில் ஒரு பங்கும் மட்டுமே மிஞ்சின.

ஆயினும், நீதி வழங்கியவர் தன்னலம் கருதினார் என்பதால் பெற்றவரின் உரிமை பொய்யாகிவிடாது. உண்மை, அதைச் சொல்பவரின் தூய்மையை நம்பி நிற்பதன்று. இது நாம் அடிக்கடி மறக்கும் நுட்பம். நமக்குப் பிடிக்காதவர் சொன்னார் என்பதற்காக எத்தனை உண்மைகளைத் தள்ளிவிடுகிறோம்!

மற்றொன்றும் சிந்திக்கத் தக்கது. வாரிசுரிமை ஒருவரை ஆசனத்தில் அமர்த்தும். அந்த ஆசனத்துக்குத் தகுதியை அவரேதான் தேடிக்கொள்ள வேண்டும். ஆட்சியை இழந்த சரபோஜி மனம் கசந்து முடங்கியிருக்கலாம். அவரோ ஓலைச்சுவடிகளையும் நூல்களையும் சேகரித்தார், காசி யாத்திரையின்போதும் அப்பணியைத் தொடர்ந்தார், மருத்துவ ஆய்வை வளர்த்தார், அச்சுக்கூடம் அமைத்தார்.

1855-இல் அவர் மகன் சிவாஜி ஆண் வாரிசின்றி மறைந்தபோது அந்த அரசும் முடிந்தது. அரியணைக்காகப் பண்டிதர்கள் வாதிட்டதெல்லாம் இன்று வரலாற்றுச் செய்தி. சரஸ்வதி மகால் நூலகமோ இன்றும் இருக்கிறது. அங்கே சென்று பயில எவரும் தத்துப்பத்திரம் காட்ட வேண்டியதில்லை.

நமக்கு உரியது எது என்று வழக்காடும் வேளையில், உரியதைப் பெற்றபின் என்ன செய்வோம் என்றும் நம்மை நாமே கேட்டுக்கொள்வது நல்லது.