பெயர் நீக்கிய இரத்தம்

ஒட்டுசுட்டானில் ஒரு தகப்பனார், தமது மகள் உயிர்ப்புள்ளிவிபரவியல் கற்கப் போகிறாள் என்று சொன்னால், அயலவர் அடுத்து என்ன கேட்பார்கள் என்பது எமக்குத் தெரியும்: "அப்ப பிள்ளை டொக்டரோ?" இல்லை. அவள் நோயாளியைக் காணமாட்டாள், நோயாளிகளின் தொகையையே காண்பாள். எத்தனை பேரைப் பரிசோதித்தார்கள், எத்தனை பேரிடம் கிருமி இருந்தது, எந்த மருந்து எத்தனை பேரைக் காத்தது என்று கணிப்பதே அவள் தொழில். எண்களோடு மட்டும் பழகுகிறவருக்கு மனச்சாட்சிச் சிக்கல் ஏது என்று பலரும் எண்ணுகின்றனர். எச்.ஐ.வி. ஆராய்ச்சியின் வரலாறு அப்படிச் சொல்லவில்லை.

அயல்நாட்டையே எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாக 1986 இல் சென்னையில் கண்டறியப்பட்டது. 1998 இல் நாடளாவிய கண்காணிப்பு முறையொன்று தொடங்கியது. கர்ப்பிணித் தாய்மாரிடம் மேகநோய்ப் பரிசோதனைக்காக எடுத்த இரத்தத்தில் மிஞ்சியதை எடுத்து, பெயரையும் அடையாளத்தையும் நீக்கிவிட்டு, எச்.ஐ.வி.க்காகச் சோதித்தனர். ஒரு நிலையத்துக்கு 400 மாதிரிகள். நானூறில் நான்கு என்று வந்தால் நூற்றுக்கு ஒன்று; கணக்கு முடிந்தது. அந்த நால்வர் யார் என்பது எவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது என்றே அம்முறை வகுக்கப்பட்டது.

இதற்கு நியாயம் இல்லாமலில்லை. பெயர் கேட்டால் அஞ்சுகிறவர்கள் ஒதுங்கிவிடுவார்கள். ஒதுங்கியவர்களை விட்டுவிட்டுப் போடும் கணக்கு பொய்க்கணக்கு. மேலும், நோய் இருப்பது தெரிந்தால் வீட்டைவிட்டே துரத்தப்படும் நிலையில், பெயர் நீக்கம் அப்பெண்ணுக்கு ஒரு பாதுகாப்பு. இம்முறை உலகில் முதலில் தோன்றிய காலத்திலோ, கொடுப்பதற்கு உருப்படியான மருந்தும் இருக்கவில்லை. சொல்லி என்ன பயன் என்ற கேள்வியை இலேசாகத் தள்ளிவிட முடியாது.

ஆனால் 1994 பெப்ரவரியில் நிலைமை மாறியது. அமெரிக்காவிலும் பிரான்சிலும் கிருமியுள்ள கர்ப்பிணிகளில் ஒரு பாதியினருக்கு சிடோவுடின் என்னும் மருந்தும் மறு பாதியினருக்கு வெற்று மாத்திரையும் கொடுத்து ஆராய்ந்து வந்தனர். இடைக்காலக் கணக்கில் 363 குழந்தைகளின் விபரம் பார்க்கப்பட்டது. வெற்று மாத்திரை பெற்ற தாய்மாரின் குழந்தைகளில் 40 பேருக்குத் தொற்று. மருந்து பெற்றோரின் குழந்தைகளில் 13 பேருக்கு மட்டுமே. வெற்று மாத்திரை கொடுப்பது உடனே நிறுத்தப்பட்டது. தாயும் வைத்தியரும் அறியுமுன் அந்த 40 ஐயும் 13 ஐயும் கண்டவர் யார்? கணக்கைப் போட்டவர்தாம்.

அன்றிலிருந்து, பெயர் நீக்கிய அதே குப்பி வேறு பொருளாகிவிட்டது. அதில் ஒரு குழந்தையின் உயிர் இருந்தது. அமெரிக்காவில் பிறந்த குழந்தைகளின் இரத்தத்தைப் பெயரின்றிச் சோதிக்கும் கணக்கெடுப்பு 1988 முதல் நடந்து வந்தது. 1995 இல் அதை நிறுத்தினார்கள். இந்தியாவிலோ பெயரற்ற கண்காணிப்பு நெடுங்காலம் நீடித்தது. விரும்புகிற தாய் தனியே உள்ள ஆலோசனை நிலையத்துக்குச் சென்று பரிசோதித்துக்கொள்ளலாமே என்பது அதற்குச் சொல்லப்பட்ட சமாதானம். பஸ்சுக்குக் காசும், புருஷனின் சம்மதமும், கைவிட்டுப்போகாத ஒரு நாட்கூலியும் உள்ளவளுக்கு அச்சமாதானம் செல்லும். மற்றவளுக்கு?

பெயரே தெரியாதவருக்கு நான் என்ன கடன்பட்டேன் என்று புள்ளிவிபரவியலாளர் கேட்கலாம். எரிக்கோ வீதியில் அடிபட்டுக் கிடந்தவனின் பெயர் நல்ல சமாரியனுக்கும் தெரியாது. உவமையைக் கேட்ட எமக்கும் இன்றுவரை தெரியாது. கொடுக்க எதுவுமில்லாத நாளில் பெயரை அறியாதிருப்பது மரியாதை. மருந்து வந்தபின்னும் அறியாதிருக்கத் திட்டமிடுவது மரியாதையாகுமா என்பதே கேள்வி. ஆகாது என்பதே எமது கருத்து.

எண்ணுக்கும் பெயருக்குமுள்ள இந்த வழக்கு வன்னி மக்களுக்குப் புதிதன்று. காலஞ்சென்ற மன்னார் ஆயர் இராயப்பு யோசப் ஆண்டகை 2011 சனவரியில், கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழுவின் முன் ஒரு கழித்தற் கணக்கை வைத்தார். 2008 ஒக்டோபரில் முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் இருந்தோர், கச்சேரிக் கணக்கின்படி 429,059. 2009 யூலை 10 வரை அரசாங்கக் கட்டுப்பாட்டுப் பகுதிக்கு வந்தோர் 282,380. மிகுதி 146,679 பேருக்கு என்ன நடந்தது என்று கேட்டார். அந்த எண் இல்லாவிட்டால் அக்கேள்வியே பிறந்திராது. ஆனால் 2017 பெப்ரவரி 20 இல் கிளிநொச்சியில் போராடத் தொடங்கிய தாய்மார் ஆளுக்கொரு படத்தைப் பிடித்திருந்தார்கள். எண் பெயரைத் தேடிப் போகவேண்டும். பெயருக்குப் பதிலாக நின்றுவிடக்கூடாது.

இலங்கையில் இப்பொழுது கர்ப்பிணிகளின் எச்.ஐ.வி. பரிசோதனை பெயருடனேயே கிளினிக்கில் நடைபெறுகிறது. தொற்றுள்ள தாய்க்குச் சிகிச்சையும் உண்டு. தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை இந்நாடு ஒழித்துவிட்டதென உலக சுகாதார நிறுவனம் 2019 இல் சான்றளித்தது. சத்தமின்றி நடந்த பெரிய காரியம் இது. எமது பத்திரிகைகள் அதற்குக் கொடுத்த இடம் போதாது.

எனினும் இங்கே வேறொரு ஆபத்து உண்டு. வளர்ந்தோரில் ஆயிரத்துக்கு ஒருவருக்கும் குறைவாகவே தொற்றுள்ள நாட்டில், பிரதேசம், வயது, பால் என்று பிரித்து அட்டவணை போட்டால் என்ன ஆகும்? ஒட்டுசுட்டான், 20 முதல் 24 வயது, பெண் என்ற கட்டத்தில் ஒன்று என விழுந்தால், மீதிக் கணக்கை முத்தையன்கட்டுச் சந்தியில் தேநீர் குடிப்பவர்களே போட்டுவிடுவார்கள். ஆகவே அந்தத் தகப்பனாரின் மகள் அக்கட்டத்தை வட மாகாணம் என்ற பெரிய கட்டத்துக்குள் சேர்த்துவிட வேண்டும். விபரம் குறைகிறதே என்று மேலதிகாரி முறைப்படலாம். அப்பெண்ணின் பெயர் கிளினிக் பதிவேட்டில் இருக்கிறது, மருந்தும் கிடைக்கிறது, அட்டவணைக்கு அவள் வேண்டியதில்லை என்று இவள் பதில் சொல்லலாம்.